பஞ்ச மாதத்துப் பண்டிகைகள்

சாத்தான்குளம், உடன்குடி, இடையன்குடி வட்டாரத்தில் செம்மணல் மேடாகப் பரந்து கிடக்கும் நிலத்தைத் தேரி என்போம். அங்கே நெல் விளையாது, பனைதான் நிற்கும். மாசி, பங்குனியில் பாளை விட்டால் ஆவணி வரை பதனீர் இறங்கும். அந்த மாதங்களில் காய்ச்சிய கருப்பட்டியை விற்றுத்தான் வருஷம் முழுவதும் வயிறு கழுவ வேண்டும். புரட்டாசியில் ஏறுதொழில் நின்றுவிடும். அதன்பின் பனங்கிழங்கு, கம்பங்கஞ்சி, கடன். கருப்பட்டியை வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாமென்றால், முன்பணம் கொடுத்த வியாபாரி அதைக் கோடையிலேயே எடுத்துப் போயிருப்பார். மார்கழி வரும்போது பனையேறி வீட்டில் காசும் இருக்காது, சரக்கும் இருக்காது. கிறிஸ்துமஸ் வருவது அந்த மார்கழியில்தான்.

கையில் ஒன்றுமில்லாத மாதத்தில் வருஷத்தின் பெரிய பண்டிகையைக் கொண்டாடிய ஜனங்கள் எங்கள் முன்னோர். பண்டிகைகளை அவர்கள் என்ன விதமாக அமைத்துக்கொண்டார்கள், குடும்பத்தில் இடி விழுந்தபோது அவை என்ன செய்தன என்பதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நான் தேரிக்காட்டுப் பனையேறியின் பேத்தி. கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, கோயில் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாக வேலை பார்த்தவள். இதில் பாதி ஏடுகளில் உள்ள சரித்திரம். மீதி எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டது.

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே ஒரு விதவையிடம்தான். தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த மராட்டியப் பிராமணப் பெண் அவர். கணவரை இழந்தவர், உறவினர் ஒதுக்கிவைத்தவர். அவரைக் காப்பாற்றி உடன் வைத்திருந்த ஆங்கிலேய அதிகாரியும் இறந்துபோனார். 1778இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து குளோரிந்தா என்று பெயரிட்டார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் 40 பேர். 1785இல் குளோரிந்தா கட்டி முடித்த சிறிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். இழப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்றிருந்த ஒரு பெண் ஊருக்கொரு ஆலயத்தைக் கொடுத்தார். எங்கள் சபையின் முதல் பக்கம் இது.

அடுத்த பக்கங்களும் கண்ணீரில் நனைந்தவையே. சாத்தான்குளம் பக்கத்துக் காலங்குடியில் பிறந்த தாவீது சுந்தரானந்தம் தம் ஜனங்களிடையே ஊழியம் செய்தார். விசுவாசத்தில் சேர்ந்த குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன, குடிசைகள் பிடுங்கி எறியப்பட்டன. தேரியில் இடம் வாங்கி 1799இல் அவர்களுக்கென்று உருவாக்கிய ஊர் முதலூர். அதுபோலப் பல அடைக்கல ஊர்கள் பின்னால் எழுந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் இதையே ஓர் ஏற்பாடாக்கினார். ஜெர்மனியில் டோனா பிரபு கொடுத்த பணத்தில் 1827இல் டோனாவூர் உண்டானது. வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று 1830இல் அவர் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். உபதேசியார்களும் சபையாரும் தங்கள் சொற்ப வருமானத்திலிருந்து போட்ட காசில் நிலம் வாங்கப்பட்டது. வீடிழந்தவர்களை அதில் குடியேற்றினார்கள். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று எங்கள் பக்கத்தில் வாய்க்கு வாய் சொல்வார்கள். கர்த்தர் பார்த்துக்கொண்டது இப்படித்தான்: ஏழைகளின் கையாலேயே ஏழைகளுக்கு.

பனைத்தொழிலைப் பார்க்காதவர்களுக்கு அதன் ஆபத்து தெரியாது. விடியுமுன் எழுந்து, இடுப்பில் அரிவாள் பெட்டியும் தோளில் முருக்குத்தடியும் காலில் தளைநாருமாக ஒரு ஆள் நாளைக்கு முப்பது நாற்பது பனை ஏறுவான். காலையில் ஏறிப் பாளை சீவிப் பதனீர் இறக்குவான். மாலையில் மறுபடியும் ஏறிச் சீவுவான். பதனீர் புளிக்காதிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். கீழே விடிலி என்னும் ஓலைக்குடிலில் பெண்கள் அடுப்பெரித்துப் பதனீரைக் காய்ச்சி, கூப்பனி என்னும் பாகுப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பார்கள். மழைத் தூறல் விழுந்தாலும் பாளை சீவாமல் விடமுடியாது. விட்டால் மரம் மறத்துப்போகும். ஈரப் பனையில் கால் வழுக்கினால் அந்த வீடே விழுந்தது.

எங்கள் தாத்தா அப்படி விழுந்தவர். சித்திரை மாதத்துக் கோடைமழை பெய்து ஓய்ந்த காலை என்று ஆச்சி சொல்வாள். அப்போது அவளுக்கு வயது முப்பதுக்குள். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை என் அப்பா, பால்குடி மறக்கவில்லை. சீசன் நடுவில் ஏறுகிற ஆள் போனால் வியாபாரியின் முன்பணம் கடனாகத் தலையில் நிற்கும். நில உடமைக்காரர் மரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. தேரிக்காட்டில் எந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதையைக் கேட்டாலும் இரண்டு தலைமுறைக்குள் ஒரு பனை விபத்து வரும்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அம்மா ஓலைக் கொட்டானில் அரிசி கொண்டுவந்தார். கைப்பிடி அரிசி அது. உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பாள். ஞாயிறு காலை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பெரிய பெட்டியில் தட்டுவாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. எல்லாம் ஒரே குவியலாகிவிடும். அளந்து பார்த்து உபதேசியாரின் ஜீவனத்துக்கு ஒரு பங்கு, விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பங்கு, மிச்சத்தை விற்றுச் சங்கக் காணிக்கையில் சேர்ப்பார்கள். அரிசி அபூர்வமாக இருந்த பழைய நாட்களில் கம்பையும் கேப்பையையும் இப்படிப் பிடி எடுத்திருக்கிறார்கள். பதனீர் காலத்தில் கருப்பட்டி வரும். கோயிலுக்கென்று ஒரு பனையை நேர்ந்துவிட்டு, அதில் இறங்குவதை எல்லாம் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கமும் எங்கள் ஊரில் இருந்தது.

ஆச்சி இரண்டு வருஷம் அந்த அரிசியில் பிள்ளைகளை வளர்த்தாள். ஆனால் அவளும் பிடி எடுத்துப் போட்டாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். “வாங்கின அரிசியிலேருந்தே திரும்பக் குடுத்தியளா ஆச்சி?” என்று கேட்டிருக்கிறேன். “ஏட்டி, சாறிபாத் ஊரு விதவ வீட்ல ஒரு பிடி மாவுதான இருந்துது? அவ தீர்க்கதரிசிக்கு மொதல்ல குடுத்தா. குடுத்தவ பானதான் கொறயல” என்பாள். வேதத்தில் வரும் அந்தக் கதை அவளுக்குத் தூரதேசத்துச் சம்பவம் இல்லை. அவள் வீட்டு அடுப்படியில் நடந்தது. பெறுகிறவர்களின் பட்டியலில் தன் பெயர் இருக்கும்போதே கொடுக்கிறவர்களின் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு பிடியால்தான் அவள் சபையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெண்களின் கையில் நேரடியாகக் காசு வரச் செய்ததும் இந்தச் சீமையின் சரித்திரத்தில் உண்டு. 1841 கடைசியில் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல், 1844இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள் எலைசாவை மணந்தார். தம் தாயார் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை அந்த அம்மையார் இடையன்குடிப் பெண்களுக்குப் பழக்கினார். பனை இல்லாத மாதத்திலும் லேஸ் தலையணைமேல் ஊசிகளைக் குத்தி நூல் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சம்பாதிக்கலாம். கால்டுவெல் 1849இல் எங்கள் ஜனங்களைப் பற்றி எழுதிய நூல் பலர் மனத்தைப் புண்படுத்தியது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் எலைசா அம்மையார் கற்றுக்கொடுத்த லேஸ் பல விதவை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்பதும் உண்மை.

தனிக் குடும்பத்தின் துன்பம் ஒரு பக்கம். ஊரே விழுந்த காலமும் வந்தது. 1876இல் மழை பொய்த்துத் தொடங்கியதைத் தமிழ்நாடே தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிறது. 1877 மார்ச்சில் கால்டுவெல்லும் இன்னொரு மிஷனரியான சார்ஜெண்டும் கல்கத்தாவில் அத்தியட்சர்களாக (பிஷப்புகளாக) அபிஷேகம் பெற்றார்கள். திரும்பி வந்த அவர்கள் முன்னால் நின்றது பட்டினி. கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. இங்கிலாந்தில் திரட்டிய நிவாரணப் பணமும் வந்தது. பஞ்சத்தோடு காலரா சேர்ந்துகொண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக்கொண்டார். சோறு போட்டால் மட்டும் போதாது என்று 1878இல் அவர்களுக்குக் கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல், நெசவு கற்ற அந்த அநாதைப் பிள்ளைகளின் சந்ததி இன்று தமிழ்நாடெங்கும் இருக்கிறது. அவரை நாசரேத்தின் தந்தை என்று ஊர் கொண்டாடுவதற்கு இதுவே காரணம். அந்தப் பஞ்சத்திலும் அதற்கு முன்னும் பின்னும் பல குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் பிழைக்கப் போயின. போனவர்கள் அனுப்பிய காணிக்கையில் கட்டிய கோயில்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். வேல்ஸ் தேசத்தவரான ஜான் தாமஸ் ஐயர் 1837இல் அங்கே வந்தபோது ஊர் வெறும் மணல். கிணறு வெட்டித் தோப்பு வைத்தார்கள். 1845இல் அடித்த புயலில் கோயில் இடிந்தது. வீடுகளும் போயின, மரங்களும் போயின. இரண்டே வருஷத்தில், 1847இல், புதிய பரிசுத்த பவுலின் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். 192 அடிக் கோபுரம் அதற்குப் பிறகு 1868இல் முடிந்தது. சொந்தக் கூரை போன ஜனங்கள் எதற்காக இவ்வளவு உயரத்தில் கோபுரம் கட்டினார்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். புயலில் எல்லாம் விழுந்த இடத்தில், மறுபடியும் எழுவோம் என்று எல்லாருக்கும் தெரியும்படி ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. தேரியில் திசை தெரியாமல் நடப்பவனுக்கு அந்தக் கோபுரம்தான் அடையாளம்.

கோயில் கட்டி முடித்த நாளை வருஷந்தோறும் பிரதிஷ்டைப் பண்டிகையாகக் கொண்டாடுவார்கள். அன்று அசனம் என்னும் பொது விருந்து. அதற்கு முன்போ, தனியாகவோ அறுப்பின் பண்டிகை வரும். நெல் அறுக்காத ஊரில் எதை அறுத்துக் கொண்டுவருவது? அவரவர் வீட்டில் உள்ளதை: கருப்பட்டி, முருங்கைக்காய், பூசணி, தேங்காய், வாழைத்தார், முட்டை, கால் கட்டிய சேவல், ஆட்டுக்குட்டி. இல்லாதவர் பனை ஓலையில் பெட்டியும் பாயும் முடைந்து வருவார். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். ஒரு கோழியைச் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்கு ஒருவர் எடுப்பார். எடுத்ததும் ‘கோயிலுக்கே’ என்று திருப்பிக் கொடுப்பார். அதே கோழி மறுபடி ஏலத்துக்கு வரும். கொழும்பிலிருந்தும் பின்னாளில் மும்பை, சென்னையிலிருந்தும் வந்தவர்கள் அன்று கையைத் தாராளமாகத் திறப்பார்கள். ஏழை கொண்டுவந்த ஒரு முட்டைக்குச் சபை நடுவில் பெரும் விலை ஏறுவதைப் பார்க்கும்போது, அந்த ஏழையின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அசனத்துக்கு முந்தின இரவே கோயில் முற்றத்தில் அடுப்பு வெட்டி அண்டாக்களை ஏற்றுவார்கள். ஆண்கள் சோறு வடிப்பார்கள், பெண்கள் காய் நறுக்குவார்கள், தேங்காய் துருவுவார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் குவித்து, ஐயர்வாள் ஜெபம் பண்ணியபின் பந்தி போடுவார்கள். ஒரே உலைச்சோறு, ஐயர்வாளுக்கும் அதுவே, பனையேறிக்கும் அதுவே. பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உட்கார்வார்கள். வரமுடியாத முதியவர் வீட்டுக்குத் தூக்குவாளியில் சோறு போகும். ஆரம்பத்தில் இந்தப் பந்திக்குள்ளும் சாதி புகுந்து சண்டையானதுண்டு. அதை மறைத்து எழுதினால் சரித்திரமாகாது. ஆனாலும் பந்தி நிற்கவில்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்ற வழக்கு, ஒன்றாக உண்டு உண்டுதான் தளர்ந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்திலும் இதே ஒழுங்கு. குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தைக் கீறிச் சிலுவை முடைந்து பிள்ளைகள் பவனி போவோம். அது சீசன் காலம். பனையேறிகள் விடியுமுன்னே மரம் ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வருவார்கள். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. ஏழு வார்த்தைகளின் தியானம் முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாருக்கும் ஓலைப்பட்டையில் கஞ்சி.

கிறிஸ்துமஸுக்கு மார்கழிப் பனியில் பஜனை கிளம்பும். அதிகாலை நான்கு மணிக்கு அரிக்கேன் விளக்கும் ஆர்மோனியமும் டோலக்கும் தாளமுமாக ஒவ்வொரு தெருவாகப் போவார்கள். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சைக்குப் போன வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் கர்நாடக மெட்டில் இயற்றிய கீர்த்தனைகளே பாட்டு. ஏடு படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிக்கு அத்தனையும் மனப்பாடம். பலகாரம் என்றால் முந்திரிக்கொத்துதான். பாசிப்பயறை வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பது. தாத்தா இறந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. துக்க வீட்டில் பலகாரம் சுடக்கூடாது. ஆனால் பிள்ளைகள் பண்டிகை இல்லாமலும் இருக்கக்கூடாது. ஆகவே தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓலைப்பெட்டியில் பலகாரம் வந்ததாம். எங்கள் பெரியத்தை சாகும்வரை சொல்வார்: “அந்த வருசந்தான் எங்க வீட்ல எல்லா வருசத்தயும் விட பலகாரம் ஜாஸ்தி.”

ஆச்சிக்குக் கடவுள்மேல் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். வந்தது என்றாள். பஜனை வாசலில் வந்து பாடியபோது கதவைத் திறக்காமல் உள்ளே கிடந்தாளாம். அவர்கள் போகவில்லை, இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு என்று பாடிக்கொண்டே நின்றார்கள். கடைசியில் திறந்தாள். டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனையில் எல்லாரும் முழங்காலில் நின்று புது வருஷத்துக்குள் போனபோது அவளும் நின்றாள். “ஏன் எடுத்தீருன்னு கேட்டேன். பதில் சொல்லல. ஆனா ஒத்தைல விடல” என்றாள். விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் பல. அவற்றில் எதுவும் இந்தச் சொற்களை மிஞ்சியதில்லை.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒருவரைச் சொன்னால் போதும். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் அசரியா. அவர் தந்தை தாமஸ் வேதநாயகம் அந்த ஊரின் குரு. 1889இல் தந்தை இறந்தபோது மகன் பள்ளி மாணவன்; தாய் எல்லன்தான் வளர்த்து ஆளாக்கினார். அந்த மகன் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றார். திருநெல்வேலிக் கிராமத்தாரின் காணிக்கையை வைத்தே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1912இல் அவர் அங்கே அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. தேரிக்காட்டு அடுப்படியில் எடுத்த பிடி அரிசி தெலுங்கு நாட்டு ஏழைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்று தேரியில் பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். மார்கழி இப்போது பஞ்ச மாதமில்லை; பணம் வரும் மாதம். பஜனைக்கு ஒலிபெருக்கி, அசனத்துக்குச் சமையல் ஒப்பந்தக்காரர், காணிக்கைக்குக் கைபேசி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டினி போனதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கைப்பிடி அரிசிப் பானை பல வீடுகளில் காணாமல் போய்விட்டது. அது போனதோடு, யார் வீட்டில் உலை ஏறவில்லை என்று வாரந்தோறும் விசாரித்து அறிந்த வழியும் போய்விட்டது. கஷ்டம் மட்டும் போகவில்லை. புற்றுநோய் வந்த வீடு, குடியில் அழிந்த வீடு, கடனில் மூழ்கிய வீடு இப்போதும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அந்த வீட்டார் ஞாயிறன்று நல்ல உடை உடுத்தி வந்து, யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள்.

எங்கள் முன்னோர் கடவுளை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வாயால் மட்டும் சொல்லவில்லை. பிடி அரிசியாக, ஏலமாக, பந்தியாக, கதவு திறக்கும்வரை நின்று பாடிய பஜனையாக ஆக்கிவைத்தார்கள். பண்டிகை அவர்களுக்கு வசதியின் அறிவிப்பாக இருந்ததில்லை. விழுந்தவனைத் தூக்கும் ஏற்பாடாக இருந்தது. ஆகவே இதை வாசிக்கிற தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுப்படியில் மறுபடியும் ஒரு தனிப்பானை வையுங்கள். அரிசியோ காசோ, ஒவ்வொரு நாளும் ஒரு பிடி போடுங்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடும்போது, உங்கள் தெருவில் சட்டி ஏறாத வீடு எது என்று முதலில் விசாரியுங்கள். அந்த வீட்டுக்குப் பெட்டி போனபின் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.